சிம்மோரில் ஏன் ரயில் நிற்பதில்லை? சுங்கை சிப்புட் ரயில் பாதையின் கதை

ஈப்போவிலிருந்து வடக்கே புறப்படும் ரயில் தஞ்சோங் ரம்புத்தானில் நிற்பதில்லை. சிம்மோரிலும் நிற்பதில்லை. அடுத்து நிற்கும் இடம் சுங்கை சிப்புட். அதை விட்டால் கோலகங்சார்தான். "முன்பெல்லாம் ஊருக்கு ஊர் ஸ்டேஷன் இருந்ததே, ஏன் எடுத்துவிட்டார்கள்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. ஏற ஆள் இல்லை, அதனால் மூடிவிட்டார்கள் என்றே பெரும்பாலும் பதில் வரும். அது பாதிக் காரணம்தான். மறுபாதி, தண்டவாளம் போடப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது.

பேராக்கில் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செப்பெத்தாங்கிற்கு, ஈயம் ஏற்றிச் செல்ல ஓடியது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈப்போவிலிருந்து தெலுக் இந்தானுக்கு இன்னொரு பாதை தனியாக இருந்தது. இரண்டையும் இணைக்கத் தடையாக நின்றது பேராக் ஆறு. காராய் அருகே 1897 டிசம்பரில் தொடங்கி 1900 மார்ச்சில் முடிந்த விக்டோரியா பாலம் அந்தத் தடையை நீக்கியது. சில ஆண்டுகளிலேயே, 1903இல், பிறையிலிருந்து சிரம்பான் வரை ஒரே பாதையாக ரயில் ஓடத் தொடங்கியது.

"ஒரே பாதை" என்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் அகலத்தில் ஒற்றைத் தண்டவாளப் பாதை. வடக்கே போவதும் தெற்கே வருவதும் அதே பாதையில்தான். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால், ஒன்று ஒதுங்கி நின்று மற்றொன்றுக்கு வழிவிட வேண்டும். நடுக்காட்டில் ஒதுங்க முடியாது. ஸ்டேஷனில்தான் பக்கவாட்டில் இன்னொரு தண்டவாளம், அதாவது லூப் லைன், இருக்கும். அங்கிருந்து அடுத்த ஸ்டேஷன் வரை பாதை காலியாக இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஓட்டுநரிடம் ஒரு டோக்கனைக் கொடுப்பார்கள். டோக்கன் கையில் இல்லாமல் ரயில் நகரக்கூடாது.

ஆகவே அந்தச் சின்னச் சின்ன ஸ்டேஷன்கள் பயணிகளுக்காக மட்டும் இருந்தவை அல்ல, ரயில்களுக்காகவும் இருந்தவை. ஒரு நாளில் பத்துப் பேர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஸ்டேஷன் மாஸ்டர் அங்கே இருந்தாக வேண்டும். அந்த வேலையில் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். வெயிலில் தண்டவாளத்தைப் பராமரித்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். ரயில் எப்படியும் அங்கே நிற்கத்தான் போகிறது என்பதால் பக்கத்துத் தோட்டத்துச் சனங்களும் ஏறி இறங்கிக்கொண்டார்கள். தோட்ட மக்களுக்குக் கிடைத்த ரயில் வசதியில் ஒரு பகுதி, உண்மையில் ஒற்றைப் பாதையின் குறைபாட்டால் கிடைத்த வசதி.

இரட்டைப் பாதை வந்ததும் அந்தக் குறை நீங்கியது, வசதியும் கூடவே போனது. ரவாங்கிலிருந்து ஈப்போ வரையிலான 179 கிலோமீட்டர் முதலில் மின்மயமானது. 2010 ஆகஸ்டில் இடிஎஸ் ஈப்போவுக்கு வந்தது. சுங்கை சிப்புட்காரர்கள் இடிஎஸ் ஏற வேண்டுமானால் ஐந்தாண்டுகள் ஈப்போவுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஈப்போ - பாடாங் பெசார் இடையிலான 329 கிலோமீட்டர் மின்சார இரட்டைப் பாதையில் 2015 ஜூலையில்தான் இடிஎஸ் ஓடத் தொடங்கியது.

இப்போது போக ஒரு பாதை, வர ஒரு பாதை. எதிரே வரும் ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டோக்கன் மாற்றும் வேலையும் இல்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலை ஓரிடத்தில் நிறுத்தினால், வேகம் குறைய, ஆள் ஏற, மீண்டும் வேகம் பிடிக்க என்று சில நிமிடங்கள் போய்விடும். சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், எங்கோர் போன்ற இடங்களில் ரயிலை நிறுத்த ரயில்வேக்கு இருந்த சொந்தக் காரணம் மறைந்துவிட்டது. பயணிகள் என்ற காரணம் மட்டும் மிஞ்சியது. அதுவும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனங்கள் பட்டணம் போன காலத்தில்.

கொமுட்டர் ரயிலின் கதை வேறு. அது ஊருக்கு ஊர் நிற்பதற்கென்றே உள்ள ரயில். வடபகுதி கொமுட்டர் சேவை 2015 செப்டம்பரில் தொடங்கியது. 2016 முதல் தெற்கே பாடாங் ரெங்காஸ் வரை வந்தது. கோலகங்சாரையும் சுங்கை சிப்புட்டையும் தொடாமல் அங்கேயே திரும்பிக்கொண்டிருந்தது. தண்டவாளமும் மின்கம்பியும் ஈப்போ வரை இருந்தும் ரயில் மட்டும் வராதது இவ்வட்டார மக்களுக்கு நெடுநாள் மனக்குறை. பின்னர் சேவை ஈப்போ வரை நீட்டிக்கப்பட்டு, சுங்கை சிப்புட்டும் கொமுட்டர் நிற்கும் இடமானது. இடிஎஸ் போல இருக்கை பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால், விடுமுறைக் காலத்தில் டிக்கெட் தீர்ந்துவிட்டதே என்ற கவலை இதில் இல்லை. ஆனால் ஸ்டேஷன் பட்டணத்தில் இருக்கிறது. எல்பில் தோட்டப் பக்கம் இருப்பவருக்கு ஸ்டேஷன் வரை வந்து சேர்வதே தனிப் பயணம். அதற்கு ரயில்வே மட்டும் பதில் சொல்ல முடியாது.

பழைய பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒற்றைப் பாதைக் காலத்தில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து போவது சர்வ சாதாரணம். இன்று வேலியில் திறப்பு இருந்தாலும் அந்த வழியே நுழையக்கூடாது. 140 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். 200 மீட்டருக்கு அப்பால் தெரியும் ரயில் ஐந்தே விநாடியில் காலடிக்கு வந்துவிடும். ஒரு ரயில் போனதும் கடக்கலாம் என்றால், அதன் மறைவில் அடுத்த பாதையில் இன்னொன்று வரலாம். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். சிறுவர்கள் பட்டம் விடுவதற்கும் அந்தப் பக்கம் ஆகாது.

சிம்மோரிலோ தஞ்சோங் ரம்புத்தானிலோ மீண்டும் ஸ்டேஷன் வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் வெறும் மேடையும் கூரையும் கேட்டால் போதாது. முதன்மைப் பாதையிலேயே கொமுட்டர் நின்றால், பின்னால் வரும் இடிஎஸ் அதற்காக வேகம் குறைக்க நேரிடும். ரயில்வே அதையே காரணம் காட்டலாம். பழைய ஸ்டேஷன்களில் இருந்த அதே லூப் லைன், ஒதுங்கி நிற்க ஒரு பக்கத் தண்டவாளம், அதையும் மனுவில் சேர்த்துக் கேட்க வேண்டும்.