தாய்ப்பாலும் குழந்தையின் பற்களும்

குழந்தைக்குப் பல் முளைத்தவுடன் தாய்ப்பாலை மறக்கச் செய்துவிட வேண்டும் என்னும் எண்ணம் தாய்மார் சிலரிடையே நிலவி வருகிறது. பல் கடித்துவிடும் என்ற அச்சமும், பால் பல்லைக் கெடுக்கும் என்ற ஐயமும் இதற்குக் காரணங்களாகும். பல் முளைப்பது பாலை நிறுத்துவதற்குரிய அறிகுறியன்று.

பற்கள் பிறப்பிற்குப் பின்னர் உண்டாகுபவை அல்ல. கருவின் 6-ஆம் வார அளவிலேயே பாற்பற்களின் அரும்புகள் தோன்றத் தொடங்குகின்றன. 4-ஆம் மாதத்தில் அவற்றில் சுண்ணாம்புச் சத்துப் படியத் தொடங்குகிறது. பிறந்தபின் ஏறக்குறைய 6-ஆம் மாதத்தில் கீழ்த்தாடையின் முன்பற்கள் வெளிவருகின்றன. 3 வயதிற்குள் 20 பாற்பற்களும் முளைத்துவிடுகின்றன.

பிறந்த குழந்தையின் கீழ்த்தாடை சற்றுப் பின்தங்கியிருக்கும். தாயிடம் பாலருந்தும் குழந்தை அத்தாடையை அசைத்தும், நாவினால் அண்ணத்தின்மீது அழுத்தியும் பாலைப் பெறுகிறது. இவ்வுழைப்பு தாடைத் தசைகளுக்கு நல்ல பயிற்சியாகும். தாய்ப்பால் அருந்திய குழந்தைகளிடையே பல்வரிசைக் கோளாறுகள் குறைவாகக் காணப்படுவதாக ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன.

இனி, சொத்தை எவ்வாறு உண்டாகிறது? வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலை அரிக்கிறது. சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் இட்டு, அதனை வாயில் வைத்தவாறே குழந்தையை உறங்கவிடுதல் பெருந்தீங்கு விளைவிக்கும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் இனிப்பு பற்களின்மீது நெடுநேரம் தங்குகிறது. மேல் முன்பற்களே முதலில் கெடுகின்றன; கீழ் முன்பற்களை நாக்கு மறைத்துக் காக்கிறது. முதலாண்டில் தாய்ப்பால் பற்களுக்குப் பாதுகாப்பே அளிக்கிறது. அதன் பின்னர், இரவில் அடிக்கடி பாலருந்தும் குழந்தையின் பற்களைத் தூய்மை செய்யாவிடில் சொத்தை தோன்றக்கூடும். இதற்குப் பரிகாரம் பல் துலக்குதலேயன்றிப் பாலை நிறுத்துதல் அன்று.

நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதிகளில் மற்றொரு நன்மையும் உண்டு. இந்தியாவில் புளோரைடு நோய் 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. தாய் அத்தகைய நீரை அருந்தினாலும் அவளுடைய பாலில் மிகச் சிறிதளவு புளோரைடே கலக்கிறது. ஆனால், அதே நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் முழு அளவும் குழந்தையின் உடலிற் சேர்கிறது. அப்பொழுது ஈறுக்குள் உருவாகிவரும் நிரந்தரப் பற்கள் கறைபட நேரிடும்.

ஆகவே, முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தருதல் வேண்டும். பின்னர்த் துணையுணவுடன் 2 வயது வரையிலும், அதற்கு மேலும் அதனைத் தொடரலாம். முதற் பல் தோன்றிய நாளிலிருந்தே மென்மையான சிறு பிரஷினால் நாள்தோறும் இருமுறை பல் துலக்கும்படி தாய்மார்க்கு எடுத்துரைக்க வேண்டும்.

வீடுகளுக்குச் செல்லும் ஊழியர்கள் குழந்தையின் மேலுதட்டை மெல்ல உயர்த்திப் பார்ப்பார்களாக. ஈறோரத்தில் சுண்ணாம்பு போன்ற வெண்கோடு தென்படின், அது சொத்தையின் தொடக்கமாகும். அந்நிலையிலேயே மருத்துவரிடம் அனுப்பினால் பல்லைக் காத்துவிடலாம். பழுப்புக் குழியாக மாறிய பின்னர் இழந்த பகுதி மீண்டும் வளர்வதில்லை.