கண்ணுக்குத் தெரியாத வெயில்

கறுப்புக் குடை சூடேறும், வெள்ளை வேட்டி உடம்பைக் காக்கும் என்பதைச் சொல்லித்தர பள்ளிக்கூடம் தேவையில்லை. கோடைக்கு முன்னால் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் அடிக்கிறார்கள். இதே அளவுகோலைப் பூச்சிகளிடமும் நீட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. கறுத்த வண்டு வெப்பத்தை உறிஞ்சும், வெளுத்த பூச்சி தணிந்திருக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிடுகிறோம். பாடப்புத்தகம் வேறு அவற்றைக் 'குளிர் இரத்தப் பிராணிகள்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. வெளியே எவ்வளவு சூடோ உள்ளேயும் அவ்வளவு, பூச்சியால் ஆவது ஒன்றுமில்லை என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. கடந்த ஐம்பது அறுபது ஆண்டு ஆய்வுகள் இந்த இரண்டு எண்ணங்களையும் ஆட்டம் காண வைத்திருக்கின்றன. பூச்சியின் உடம்பைப் போர்த்தியிருக்கும் ஓடும் ரோமமும் செதிலும் வெறும் உறை அல்ல. எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம், எவ்வளவை வெளியே தள்ளலாம் என்ற வரவு செலவு அங்கேதான் நடக்கிறது. அந்தக் கணக்கின் பெரும்பகுதி நம் கண்ணுக்கு எட்டாத ஒளியில் எழுதப்படுவதால், நிறத்தை மட்டும் பார்த்து அதைப் படிக்க முயன்றால் தவறாகவே படிப்போம்.

வரவிலிருந்து தொடங்கலாம். வெயில் என்று நாம் சொல்வதில் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய பாதிதான். மீதியில் பெரும்பங்கு சிவப்புக்கு அப்பால் இருக்கும் அகச்சிவப்புக் கதிர்கள். அவை நிறமாகத் தெரிவதில்லை, சூடாக மட்டுமே உறைக்கும். ஒரே கறுப்பாகத் தோன்றும் இரண்டு இறக்கைகளில் ஒன்று இந்த மறைந்த பாதியை விழுங்கிக்கொள்ளலாம், மற்றது திருப்பி அனுப்பிவிடலாம். நமக்கு இரண்டும் ஒன்றுதான். செலவுப் பக்கம் இதைவிடச் சுவையானது. எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்பக் கதிர்களை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. 50 டிகிரி செல்சியஸ் சூடுள்ள ஓர் உடம்பிலிருந்து கிளம்பும் கதிர்கள் 9 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும் (1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). இந்த வகைக் கதிர்களில் பெரும்பாலானவற்றைக் காற்றுமண்டலம் மறித்துவிடும். ஆனால் 8 முதல் 13 மைக்ரான் வரை அதில் ஒரு சாளரம் திறந்திருக்கிறது. வானம் தெளிந்து வறண்டிருந்தால் அந்த வழியே வெப்பம் நேராக விண்வெளிக்குப் போய்விடும். ஆகவே ஒரே மேற்பரப்பு வெயிலுக்கு வெள்ளையாகவும், தன் சூட்டைக் கழிக்கும்போது கறுப்பாகவும் இருக்க முடியும். கேட்கக் கண்கட்டு வித்தைபோல இருக்கலாம். ஓர் எறும்பு இதை அன்றாடம் செய்கிறது.

சகாராவின் வெள்ளி எறும்புக்கு அறிவியல் பெயர் கேட்டாக்ளிஃபிஸ் பாம்பிசினா. நடுப்பகலில், மணல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது அது வளையை விட்டு இரை தேடக் கிளம்பும். வெப்பம் தாங்காமல் செத்து விழுந்த மற்றப் பூச்சிகள்தான் அதன் தீனி. சீக்கிரமாகக் கிளம்பினால் வாசலருகே காத்திருக்கும் பல்லிக்கு இரையாக வேண்டும். பல்லியே சூடு பொறுக்காமல் வளைக்குள் ஒளிந்த பிறகுதான் எறும்புக்கு வழி பிறக்கிறது. மறுபக்கம், உடல் சூடு 53.6 டிகிரியைத் தொட்டால் எறும்பின் கதை முடிந்தது. சூரிச்சைச் சேர்ந்த ரூடிகர் வேனரும் அவருடைய குழுவினரும் 1992-ல் அளந்து சொன்ன எல்லை இது. பல்லிக்கும் சாவுக்கும் நடுவே எறும்புக்குக் கிடைப்பது நாளொன்றுக்குச் சில நிமிடங்கள்தாம். அந்தச் சில நிமிடங்களை நீட்டித்துத் தருவது எது என்ற கேள்விக்கு 2015-ல் வேனரும் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நான்ஃபாங் யூ குழுவும் சேர்ந்து விடை கண்டார்கள். எறும்பின் முதுகையும் பக்கங்களையும் மூடியிருக்கும் ரோமங்களே அந்த விடை.

சாதாரண ரோமம் உருண்டையாக இருக்கும். இந்த ரோமத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணம். தட்டையான பக்கம் உடம்பை நோக்கியும், நுண்ணிய வரிகள் ஓடும் மற்ற இரண்டு பக்கங்கள் வானத்தை நோக்கியும் இருக்கும். மேலிருந்து நுழையும் ஒளி உள்ளே போய்த் தட்டைப் பக்கத்தில் மோதி, கண்ணாடிப் பட்டகத்தில் நடப்பதுபோல முழுதாகத் திரும்பி வெளியேறுகிறது. எறும்பு பாதரசத் துளிபோல மின்னுவது இதனால்தான். அதில் வெள்ளிச் சாயம் எதுவும் இல்லை. ரோமத்தை மழித்துவிட்டுச் சோதித்தபோது, மேல் விழும் வெயிலில் எறும்பு திருப்பியடிக்கும் பங்கு 67 விழுக்காட்டிலிருந்து 41 ஆகக் குறைந்தது. இது கதையின் ஒரு பாதி. சூட்டைக் கழிக்கும் நீண்ட அலைகளுக்கு முன்னால் இதே ரோமம் மிக மெல்லியது, அவற்றை எதிரொளிக்கும் கண்ணாடியாக அது நிற்பதில்லை. காற்றுக்கும் உடல் ஓட்டுக்கும் நடுவே ஒரு சரிவுப் பாதை போட்டுக் கொடுத்து, அலைகள் தடையின்றி வெளியேற உதவுகிறது. இரண்டு வேலையும் சேர்ந்ததன் பலனாக, முழு வெயிலுக்கு நிகரான விளக்கொளியில் ரோமம் உள்ள எறும்பு, மழித்த எறும்பைவிட 5 முதல் 10 டிகிரி தணிந்திருந்தது. வயிற்றின் அடிப்பக்கத்தில் ரோமமே கிடையாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கீழே கொதிக்கும் மணல் வெளியிடும் கதிர்களும் இதே நீண்ட அலை வகைதான். அவற்றுக்குப் பாதை போட்டுத் தருவது தற்கொலைக்குச் சமம்.

விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் மறுப்பார்கள். எறும்பு எவ்வளவு பெரியது, சில மில்லிகிராம் தேறுமா? அவ்வளவு சிறிய உடம்பின் சூட்டைத் தீர்மானிப்பது சுற்றி வீசும் காற்றுதானே, கதிர் கணக்கெல்லாம் பார்த்து ஆகப்போவது என்ன? தவிர நிழலில் ஒதுங்குவது, ஓடுவது, செடி மேல் ஏறி நிற்பது என்று நடத்தையால் சமாளிக்க முடியும்போது தோலுக்கு ஏன் இத்தனை புகழ்? இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஈ, கொசு அளவுப் பூச்சி வெயிலில் நின்றாலும் காற்று அதன் சூட்டை உடனுக்குடன் வாரிக்கொண்டு போய்விடும், நிறத்தால் விளையும் வித்தியாசம் சொற்பமே. வெள்ளி எறும்பும் நீண்ட கால்களில் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, காய்ந்த குச்சி மேல் ஏறி இளைப்பாறுகிறது. ஆனால் காற்றின் உதவிக்கு ஓர் எல்லை உண்டு. காற்று எந்த அளவு சூடோ அந்த அளவுக்குத்தான் அது உடம்பைத் தணிக்கும், அதற்குக் கீழே இறக்காது. பாலைவனத்தில் தரையை ஒட்டிய காற்றே அடுப்பனல். அங்கே காற்றைவிடக் குளிர்ந்த ஒன்றிடம் சூட்டை ஒப்படைக்க வேண்டுமென்றால், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வானம் ஒன்றே. அதோடு, ரோமம் காற்றைத் தடுத்துப் போர்வையாகிவிடுமோ என்ற ஐயத்துக்கும் கொலம்பியா குழு விடை தேடியிருந்தது. காற்றே இல்லாத வெற்றிடத்திலும் அசையாத காற்றிலும் சோதித்தார்கள். இரண்டிலும் ரோமம் உள்ள எறும்புக்கே வெற்றி.

நடத்தையா, தோலா என்று பிரித்துக் கேட்பதே சரியில்லை என்று எனக்குப் படுவதற்கு வண்ணத்துப்பூச்சியின் இறக்கை காரணம். இறக்கை என்பது நகம்போல உயிரற்ற சவ்வு என்று பலரும் நினைக்கிறோம். நரம்புகளின் ஊடே அதில் பூச்சியின் இரத்தம் ஓடுகிறது, சூட்டை உணரும் உறுப்புகள் இருக்கின்றன. சில வகை ஆண் வண்ணத்துப்பூச்சிகளின் இறக்கையில் மணம் பரப்பும் திட்டு ஒன்று உண்டு, அதற்குள் இரத்தத்தைத் தள்ள ஒரு குட்டி இதயமே துடிக்கிறது. இவ்வளவு மெல்லிய சவ்வு வெயிலில் நொடிகளில் காய்ந்துவிடும். அதன் சூட்டை வெப்பக் கேமராவால் சரியாக அளப்பதும் கடினம், ஏனென்றால் அகச்சிவப்புக்கு அது பாதி ஒளி ஊடுருவும் பொருள். பின்னால் இருப்பதன் சூடும் கலந்து தெரிந்துவிடும். ஹார்வர்டின் நவோமி பியர்ஸும் மேற்சொன்ன யூவும் அடங்கிய குழு இதற்கென்று ஒரு புது அளவீட்டு முறை வகுத்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டது. இறக்கை எங்கும் ஒரே மாதிரி சூட்டைக் கழிப்பதில்லை. உயிருள்ள நரம்புகளும் மணத் திட்டுகளும் தடித்த கைட்டின் படலத்தாலும், நுண்குழல் அமைப்புள்ள செதில்களாலும் கூடுதலாகக் கதிர் வீசித் தம்மைத் தணித்துக்கொள்கின்றன. மேல் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இறக்கையின் ஓரிடத்தில் மட்டும் ஒளிப்புள்ளியைப் பாய்ச்சிச் சூடாக்கியபோது, ஏறக்குறைய 40 டிகிரியில் பூச்சி திரும்பிக்கொண்டது அல்லது இறக்கையை மடக்கிக்கொண்டது. அந்த நடத்தைக்குத் தூண்டுகோல் தோலில்தான் இருக்கிறது.

இனி எதிர்த்தரப்பின் வலுவான சான்றுக்கு வருவோம். கறுப்பு சூடேற்றும் என்ற பழைய விதி பல இடங்களில் உண்மையாகவே வேலை செய்கிறது. குளிர்ந்த மலைப் பகுதிகளில் வாழும் கோலியாஸ் என்ற மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பின்னிறக்கையின் அடிப்பக்கம் கருஞ்செதில்கள் படர்ந்திருக்கும். இறக்கைகளைக் கூப்பி, பக்கவாட்டில் வெயிலுக்குச் சாய்ந்து நின்று அவை பறக்கும் அளவுக்குச் சூடேறுகின்றன என்று வார்ட் வாட் 1968-லேயே காட்டினார். ஐரோப்பாவின் 366 வண்ணத்துப்பூச்சி இனங்களையும் 107 தும்பி இனங்களையும் எடுத்துக்கொண்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, குளிர்ந்த வட்டாரங்களில் கருநிறமும் வெப்ப வட்டாரங்களில் வெளிர்நிறமும் ஓங்கியிருப்பதைக் கண்டது. இவற்றை மறுக்க நான் வரவில்லை. நிறம் கணக்கில் ஒரு வரி, கணக்கு முழுவதும் அல்ல என்பதே என் கட்சி. 2019-ல் ஆஸ்திரேலிய வண்ணத்துப்பூச்சிகளில், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அகச்சிவப்பையும் தனித்தனியாக அளந்து பார்த்தபோது, தட்பவெப்பத்தோடு ஒத்துப்போனது அகச்சிவப்பு எதிரொளிப்புதான். கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள தொடர்பு பலவீனமாக இருந்தது. யோசித்தால் இதில் வியப்பில்லை. நிறத்துக்கு இணையைக் கவர்வது, பகையிடமிருந்து மறைவது என்று ஆயிரம் வேலை. எவர் கண்ணுக்கும் தெரியாத பாதியோ வெப்பத்துக்கு மட்டும் ஊழியம் செய்ய முடியும். அதே ஆஸ்திரேலியாவின் பனிமலைகளில், 10 டிகிரிக்குக் கீழே கறுத்தும் 25 டிகிரிக்கு மேலே பளீர் நீலமாகவும் மாறும் ஆண் வெட்டுக்கிளி ஒன்று உண்டு. வெப்பத்துக்காகவே நிறம் மாற்றும் பிராணி என்று இதைவிடச் சிறந்த உதாரணம் கேட்க முடியாது. அளந்து பார்த்தால், இரண்டு நிறங்களுக்கும் இடையே உடல் சூட்டில் வந்த வித்தியாசம் மிக அற்பம்.

சூட்டைத் தள்ளுவதுபோலவே சேமிப்பதும் தோலின் தொழில். குளிர்நாட்டின் பம்பிள் தேனீ, தடித்த உடம்புள்ள ஸ்பிங்க்ஸ் அந்துப்பூச்சி ஆகியவற்றின் நடுவுடலில் கம்பளிபோல ரோமமும் செதிலும் மண்டியிருக்கும். பறக்கும் தசைகள் இருப்பது அங்கேதான், அவை 30 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் நன்றாக இயங்கும். ஆனால் பறக்கத் தொடங்கியபின் அதே கம்பளி ஆபத்து. பெர்ண்ட் ஹைன்ரிக் 1970-ல் ஒரு ஸ்பிங்க்ஸ் பூச்சியின் முதுகுக் குழாயைக் கட்டி, வயிற்றுக்குப் போகும் இரத்தத்தை நிறுத்திப் பார்த்தார். மிதமான அறைச் சூட்டிலேயே பூச்சி கொதிப்பேறித் தரையிறங்கிவிட்டது. அவ்வளவாக ரோமம் இல்லாத வயிறு, காரின் ரேடியேட்டர் போல வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. ஆக, ஒரே உடம்பில் ஓரிடம் போர்வை, ஓரிடம் சாளரம்.

வியர்வை பூச்சிக்கு இல்லை என்பார்கள். பெரும்பாலும் உண்மை, ஏனென்றால் ஓட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி நீரைப் பூட்டி வைத்தால்தான் அவ்வளவு சிறிய உடம்பு காய்ந்து போகாமல் பிழைக்கும். அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்துச் சிள்வண்டு ஒன்று இந்த விதியை மீறி, ஓட்டிலுள்ள துளைகள் வழியே நீரைக் கசியவிட்டுக் காற்றைவிடக் குளிர்ச்சியாக உட்கார்ந்து இரைகிறது. மரத்தின் நீர்க்குழாயிலிருந்தே உறிஞ்சிக்கொண்டிருப்பதால் அதற்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. சென்னைக்கு மலேரியாவைக் கொண்டுவரும் அனோஃபிலிஸ் ஸ்டெஃபன்சி கொசுவும், நம் சூடான இரத்தத்தைக் குடிக்கும்போது பின்முனையில் ஒரு திரவத் துளியைத் தாங்கி, அது ஆவியாவதில் உடம்பைத் தணித்துக்கொள்வது 2012-ல் தெரியவந்தது.

ஒரு மறுப்பு மிச்சம் இருக்கிறது. முக்கோண ரோமம் வேறு ஏதோ காரணத்துக்காக முளைத்து, வெப்பத்துக்குத் தற்செயலாக உதவியதாக இருக்கலாமே? ஒரே ஒரு எறும்பை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாதுதான். ஆனால் 2020-ல் தாய்லாந்து, இந்தோனேசியா பக்கத்து எரிமலை வட்டாரங்களில் வாழும் நியோசெராம்பிக்ஸ் ஜைகாஸ் என்ற நீண்ட மீசை வண்டின் முதுகிலும் முக்கோண ரோமம் இருப்பது வெளியானது. எறும்புக்கும் வண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இரண்டும் தனித்தனியே ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, இரண்டுக்கும் பொதுவாக இருப்பது வெப்பம். வண்டின் ரோமம் வெயிலில் 65 விழுக்காடு வரை திருப்பினாலும், உடல் சூட்டில் அது தந்த இலாபம் 1.5 டிகிரிதான். சோதனை முறைகள் வேறு என்பதால் எறும்பின் கணக்கோடு இதை நேராக ஒப்பிட முடியாது. எனினும், இந்த உத்தி எங்கும் ஒரே அளவு பலிக்காது என்பதற்கு இயற்பியலே சாட்சி. நீராவி அந்த 8 முதல் 13 மைக்ரான் சாளரத்தில் திரை போட்டுவிடும். சகாராவின் வெள்ளி எறும்பை மே மாதத்து மெரினா மணலில் விட்டால், வெயிலைத் திருப்பும் வேலையில் அதற்கு ஒரு குறையும் வராது. வானத்திடம் சூட்டை ஒப்படைக்கும் வேலைதான் அந்தப் புழுக்கத்தில் மந்தமாகும்.