ஓய்வுபெற்ற வீரனின் வீட்டுக் கதை

அபூர்வ ஆற்றல் கொண்ட வீரன் ஓய்வுபெற்றுவிட்டால் தொடருக்குக் கதை ஏது? அதை வீட்டுக்குள்ளேயே தேடியது 'பிளாக் லைட்னிங்' எனும் அமெரிக்கத் தொடர். நாயகன் ஜெஃபர்சன் பியர்ஸ் 1977இல் டிசி காமிக்ஸ் சித்திரக் கதையில் பிறந்தவர். சலீம் அகில் உருவாக்கிய தொடரை ஃபாக்ஸ் நிறுவனம் கைவிட, சிடபிள்யூ அலைவரிசை 2018 முதல் 2021 வரை ஒளிபரப்பியது.

கதை தொடங்கும்போது அவர் பள்ளித் தலைமையாசிரியர். மின்னல் பாய்ச்சும் வேலையை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. காயங்களோடு வீடு திரும்பும் கணவரைப் பார்க்கப் பொறுக்காமல் மனைவி லின் பிரிந்துபோனதே காரணம். இந்நிலையில் இரு மகள்களையும் குண்டர் கும்பல் கடத்துகிறது. களமிறங்கினால் குடும்பம் என்னாகும்? இறங்காவிட்டால் பிள்ளைகளின் கதி? சண்டைக் காட்சிகளைவிட இந்த இக்கட்டுதான் பார்ப்பவரைக் கட்டிப்போடுகிறது. பின்னர் மகள்களிடமும் ஆற்றல் வெளிப்பட, தடுக்க நினைத்த தகப்பனே பயிற்சி தர வேண்டியதாகிறது.