நீர் இறைக்கும் மோட்டாரும் மாறும் வீதமும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்து அமைந்திருப்பது கொழிஞ்சாம்பாறை. தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழும் இப்பிரதேசம் நிர்வாகத்தில் கேரளத்தின் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது; மழையளவிலோ பொள்ளாச்சி, கோயம்புத்தூர்ச் சமவெளியை ஒத்தது. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். கிழக்குச் சித்தூரில் பெய்வது அதில் பாதிக்கும் குறைவு. நிலத்தின் அடியிலோ கடினப் பாறை. பாறையின் மேல் உதிர்ந்த அடுக்கிலும் அதன் பிளவுகளிலும் மட்டுமே நீர் தங்க இயலும். திறந்த கிணறுகள் வற்றியபோது விவசாயிகள் ஆழ்குழாய்க் கிணறுகளை நாடினர். 2017-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் மதிப்பீட்டில், கேரளத்தின் 152 வட்டாரங்களுள் ஊறும் அளவை விஞ்சி நீர் எடுக்கப்படும் வட்டாரமாகக் குறிக்கப்பட்டது சித்தூர் ஒன்றே ஆகும்.

இந்நிலையை விளங்கிக்கொள்ள மூன்று பாடங்கள் வேண்டும். மின்காந்தவியல், நுண்கணிதம், பொருளாதாரம் ஆகிய அவை பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனி வேளைகளில் கற்பிக்கப்படுகின்றன. வயலிலுள்ள ஒரு பம்புசெட்டில் அவை மூன்றும் ஒன்றுகூடுகின்றன. மூன்றிலும் அடிப்படையாக அமைந்த வினாவும் ஒன்றே. “எவ்வளவு இருக்கிறது?” என்பதன்று அவ்வினா; “எவ்வளவு விரைவாக மாறுகிறது?” என்பதே அது.

மாற்றமே மின்சாரம்

மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதை 1820-இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்ஸ்டெட் கண்டறிந்தார். அவ்வாறாயின் காந்தத்தினின்று மின்சாரம் பெற இயலாதா என்று வினவிய மைக்கேல் ஃபாரடே, 1831-இல் அதற்கு விடை கண்டார். கம்பிச்சுருளின் அருகே காந்தத்தை அசையாது வைத்திருந்தால் ஒன்றும் நிகழ்வதில்லை. காந்தத்தை நகர்த்தினால் சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. எத்துணை வலிய காந்தமாயினும் அதன் புலம் மாறாதிருக்குமாயின் பயன் இல்லை. சுருளை ஊடுருவும் காந்தப் பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் தூண்டப்படும்.

பம்புசெட்டில் உள்ள தூண்டல் மோட்டார் இவ்விதியின்படியே இயங்குகிறது. மூன்று கட்ட மின்சாரம் மோட்டாரின் வெளிச் சுருள்களில் பாயும்போது, உள்ளே சுழலும் காந்தப்புலம் ஒன்று உருவாகிறது. இரு முனை மோட்டாரில் இப்புலம் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும். நடுவிலுள்ள சுழலியோ ஏறத்தாழ 2,850 முறையே சுழலும். இப்பின்னடைவு குறைபாடு அன்று. சுழலி புலத்தோடு சமவேகம் பெற்றுவிட்டால், சுழலிக்குப் புலம் மாறாததாகவே தோன்றும். மாற்றம் இல்லையேல் தூண்டல் இல்லை. தூண்டல் இல்லையேல் சுழற்றும் விசையும் இல்லை.

மின்னழுத்தம் குறையும் வேளையில் காயில் எரிந்துபோவதன் காரணமும் இதனால் விளங்கும். சுழற்றும் விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவது. மின்னழுத்தம் நூற்றுக்கு 20 குறைந்தால் தொடக்க விசை 64 பங்காகக் குறையும். சுமை குறையாதிருக்க, சுழலி மேலும் பின்தங்கும். சுருள்கள் மிகுந்த மின்னோட்டத்தை ஈர்த்துச் சூடேறும்.

கிணற்றின் கணக்கு

மாறும் வீதத்தை ஆராய்வது வகை நுண்கணிதம். சிறு சிறு மாற்றங்களைக் கூட்டி மொத்தம் காண்பது தொகை நுண்கணிதம். பதினேழாம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் இவற்றை ஒரு முறையாக வகுத்தனர். அதற்கு முன்னரே, பதினான்காம் நூற்றாண்டில், கேரளத்தில் சங்கமகிராம மாதவர் முடிவிலாத் தொடர்களைக் கையாண்டார். அவர் வழிவந்த கணித அறிஞர் பலர் பாரதப்புழையின் கரையை ஒட்டிய ஊர்களில் வாழ்ந்தனர். சித்தூர்ப் புழை கலப்பதும் அந்த ஆற்றிலேதான்.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெய்வதாகவும், அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தினுள் ஊறுவதாகவும் கொள்வோம். அவ்வாறு ஊறும் நீர் 1,000 கன மீட்டர். உதிர்ந்த பாறையடுக்கு தன் கன அளவில் நூற்றுக்கு 1.5 பங்கு நீரையே எளிதில் விடுவிக்கும். ஆகவே நீர்மட்டம் ஒரு மீட்டர் தாழும்போது ஒரு ஹெக்டேரிலிருந்து கிடைப்பது 150 கன மீட்டர் மட்டுமே.

ஆண்டுக்கு 1,000 கன மீட்டர் இறைத்தால் வரவும் செலவும் சமம், நீர்மட்டம் நிலைபெறும். 1,150 கன மீட்டர் இறைத்தாலோ நீர்மட்டம் ஆண்டுதோறும் ஒரு மீட்டர் தாழும். செலவில் நேரும் மிகை நூற்றுக்குப் பதினைந்தே; எனினும் இருபது ஆண்டுகளில் இருபது மீட்டர் ஆழம் போய்விடுகிறது. மணல் பாங்கான நிலத்தில் இத்துணை விரைவு காணப்படாது; பாறைக்கு இடையே நீர் தங்கும் வெளி மிகக் குறைவாதலின் இவ்வாறு நேர்கிறது. இன்று கிணற்றில் நீர் நிறைந்திருக்கிறது என்பது மட்டும் ஆறுதலுக்குரிய செய்தி ஆகாது. மட்டம் தாழும் வீதமே கவனிக்கத்தக்கது.

மீட்டரும் விலையும்

ஒரு கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்த 367-இல் ஒரு பங்கு யூனிட் ஆற்றல் தேவை. பம்பும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு 40 பங்கு திறனுடன் இயங்குமானால், 500 கன மீட்டரை 20 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்க 68 யூனிட்டும், 100 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்க 340 யூனிட்டும் செலவாகும்.

இச்செலவை அளக்கும் பழைய சுழல்தட்டு மீட்டரிலும் தூண்டல் விதியே செயற்படுகிறது. மின்திறனுக்கு ஏற்ப அலுமினியத் தட்டு விரைந்தோ மெதுவாகவோ சுழலும். பற்சக்கரங்கள் சுற்றுகளைக் கூட்டி எண்ணாகக் காட்டும். தட்டின் வேகம் வீதம். எண் அதன் தொகையீடு. மின்னணு மீட்டர்களில் தட்டின் சுற்றுகளுக்கு மாறாக விளக்குத் துடிப்புகள் ஆற்றல் செலவைக் காட்டுகின்றன.

மீட்டர் காட்டும் எண்ணே பொருளாதாரத்தின் தொடக்கம். மேலும் ஓர் அலகு நீரை எடுக்க நேரும் கூடுதல் செலவுக்கு இறுதிநிலைச் செலவு என்று பெயர். அடுத்த அலகினால் வரும் பயன் இச்செலவுக்குச் சமமாகும்வரை இறைப்பதே விவசாயியின் இயல்பு. கட்டணம் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என நிலையாக விதிக்கப்படும் இடத்திலும், தமிழ்நாட்டில் உள்ளதுபோல் வேளாண் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாக அளிக்கப்படும் இடத்திலும், அவர் கைப்பட ஏற்கும் இறுதிநிலை மின்செலவு பூச்சியம். சிறு விவசாயிக்கு இச்சலுகை பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீர் அருகிவருவதை அறிவிக்கும் விலை அங்கே பேசாதிருக்கிறது.

கட்டணம் முழுமையாக விதிக்கப்பட்டாலும் சிக்கல் முற்றும் தீராது. ஒரே நீரடுக்கின் மேல் ஆளுக்கு ஒரு ஹெக்டேராகப் பத்து விவசாயிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் மட்டும் 150 கன மீட்டர் மிகையாக இறைத்தால் பத்துக் கிணறுகளிலும் மட்டம் 10 சென்டிமீட்டர் தாழும். விளைவில் அவர் ஏற்பது பத்தில் ஒரு பங்கு. ஒன்பது பங்கு அயலார் மேல் விழும். பத்துப் பேரும் அவ்வாறே செய்யின் மட்டம் ஒரு மீட்டர் தாழும். முதலில் வற்றுவது ஆழம் குறைந்த கிணறு; அது பெரும்பாலும் மறுபடி துளையிடப் பணமில்லாதவருடைய கிணறு. எனினும் பொதுவளம் அழிந்தே தீரும் என்பதில்லை. பயன்படுத்துவோர் தாமே விதிகள் வகுத்து நீர்நிலைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் காத்த நிகழ்ச்சிகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அத்தகைய விதிகளுக்கு முதல் தேவை, அனைவரும் நம்பும் அளவீடு.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இவ்வளவீட்டை ஒரு கயிறு, ஓர் அளவு நாடா, ஒரு கட்டத்தாள் ஆகியவற்றைக்கொண்டே தொடங்கலாம். ஒரு கிணற்றைத் தேர்ந்து, வாரந்தோறும் ஒரே கிழமையில், காலையில் மோட்டார் ஓடுமுன் நீர்மட்டத்தை அளந்து குறிக்க வேண்டும். உடன் மழையளவையும் மீட்டர் எண்ணையும் எழுதி வைத்தல் நலம். வரைகோட்டின் சரிவு மாறும் வீதத்தைக் காட்டும். மழைக்காலத்தில் கோடு உயரும், கோடையில் இறங்கும், அதனால் ஒரு பருவத்தைக்கொண்டு முடிவு செய்தல் தவறாகும். பருவமழைக்கு முந்தைய மட்டத்தைச் சென்ற ஆண்டின் அதே காலத்து மட்டத்தோடு ஒப்பிடுவதே முறை. அவ்வரைபடத்தைப் பள்ளிச் சுவரிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டி வைத்தால், மாணவர் வகைக்கெழுவைக் கண்ணால் காண்பர். விவசாயிகள் அடுத்த பயிர் நெல்லா நிலக்கடலையா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்ய இயலும்.