சிறிய வண்டிக்குப் பெரிய எஞ்சின்



பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரிடையே நெடுநாளாக நிலவிவரும் ஓர் ஆசை உண்டு. வண்டியின் உருவம் பழையதாகவே இருத்தல் வேண்டும்; அதன் ஓட்டம் மட்டும் புதியதாக இருத்தல் வேண்டும் என்பதே அது. இவ்வாசையை நிறைவேற்ற அவர்கள் நாடும் வழி, சிறிய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றைப் பொருத்துதலாகும். இது நன்றா, தீதா என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறவியலாது. எஞ்சின் பெரிதாகும்போது வண்டியின் ஏனைய உறுப்புகளுக்கு யாது நேருகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நம் நாட்டு வீதிகளில் இன்றும் காணப்படும் மொரிஸ் மைனர் வண்டியை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மைனர் வண்டி 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். இருபுறமும் இரண்டிரண்டு உருளைகள் படுத்த நிலையில் அமைந்த தட்டையான எஞ்சினொன்றையே அவர் அதற்கென எண்ணியிருந்தார். ஆதலால் முன்மூடியின் கீழ் அகன்ற இடம் விடப்பட்டது. ஆயினும் அவ்வெஞ்சின் கைவிடப்பட்டு, முந்திய மொரிஸ் எயிட் வண்டியின் 918 சீ.சீ. எஞ்சினே அங்கு வைக்கப்பட்டது. சிறிய எஞ்சினைச் சுற்றி மிஞ்சிக் கிடந்த அந்த இடமே பிற்காலத்தவர் பலரின் கைகளைத் தூண்டிவிட்டது எனலாம்.

சீ.சீ. என்பது யாது? பிஸ்டன்கள் மேலும் கீழும் செல்லும்போது உருளைகளுக்குள் அவை கடக்கும் இடத்தின் மொத்தக் கன அளவே அது. 1952ஆம் ஆண்டில் மைனருக்கு 803 சீ.சீ. கொண்ட புதிய எஞ்சின் கிடைத்தது. அதன் உருளையின் விட்டம் ஏறக்குறைய 58 மில்லிமீற்றர். 1956இல் அவ்விட்டம் ஏறக்குறைய 63 மில்லிமீற்றராக ஆக்கப்பட்டது. பிஸ்டன் செல்லும் தூரம் மாறவில்லை. ஐந்து மில்லிமீற்றர் அகலித்த அளவிலேயே 803 என்பது 948 ஆயிற்று. 30 பரிவலு 37 ஆயிற்று. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று வகுப்பறையில் நாம் கற்பிக்கும் கணிதம் இங்கே கண்கூடாகின்றது.

1962இல் எஞ்சின் மீண்டும் வளர்ந்து 1098 சீ.சீ. ஆயிற்று, வலு 48ஐ எட்டியது. நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இதுவே. தொழிற்சாலையார் எஞ்சினை மட்டும் மாற்றி நின்றுவிடவில்லை. முன்சில்லுகளின் பிறேக் உருளிகளை ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாகப் பெரிதாக்கினர். கிளச்சைப் பெரிதாக்கினர். கியர்ப் பெட்டியை உறுதிப்படுத்தினர். பின்அச்சின் பற்சில்லு விகிதத்தையும் மாற்றினர்.

இந்த விகிதத்தைச் சிறிது விளக்குதல் நலம். 803 சீ.சீ. வண்டியில், பின்சில்லு ஒருமுறை சுழல, எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஐந்து முறைக்கு மேல் சுழலவேண்டியிருந்தது. வலு குறைந்த எஞ்சினுக்கு அவ்வுதவி தேவைப்பட்டது. 948இல் அது ஏறக்குறைய நாலரைச் சுற்றாகவும், 1098இல் நாலேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவும் ஆயிற்று. பெரிய எஞ்சினைப் பழைய அச்சுடன் இணைத்தால், வண்டி விரைவாக எழும்புமேயன்றி, நெடுஞ்சாலையில் எஞ்சின் வீணாக இரைந்துகொண்டிருக்கும், பெற்றோலும் வீணாகும்.

இனிப் பிறேக்கைப் பற்றிக் கூறவேண்டும். உயிர் தங்கியிருப்பது இங்கேதான். ஓடும் வண்டியின் இயக்கசக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி 90 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால், வேகம் ஒன்றரை மடங்கே கூடியிருக்கின்றது. ஆனால் நிறுத்துவதற்கு அடக்கவேண்டிய சக்தியோ இரண்டேகால் மடங்காகின்றது. அச்சக்தி முழுவதும் பிறேக்கில் வெப்பமாக மாறவேண்டும். கடுகண்ணாவை போன்ற நெடிய இறக்கத்தில் பிறேக்கை ஓயாது மிதித்துவரின், உருளி சூடேறி விரிந்து உராய்வுப் பட்டையை விட்டு விலகும். பட்டையின் பிடிப்பும் தளரும். சாரதி மிதிக்க மிதிக்க மிதி கீழே செல்லுமேயன்றி வண்டி நில்லாது.

மைனரில் வேறோர் இடரும் உண்டு. நான்கு சில்லுகளுக்கும் செல்லும் பிறேக் எண்ணெய் ஒரே தொடர்பில் ஓடுகின்றது. ஓரிடத்தில் குழாய் கசிந்தாலும் நான்கு பிறேக்குகளும் ஒருங்கே செயலிழக்கும். எஞ்சுவது கைப்பிறேக் ஒன்றே. பிறேக்கின் பிரதான உருளை சாரதியின் காலடித் தரையின் கீழ் மறைந்திருப்பதால், அதனை அடிக்கடி பார்ப்பவரும் சிலரே.

எந்த எஞ்சினைத் தெரிவது என்பதிலும் நிதானம் வேண்டும். மைனரின் எஞ்சினுக்கு நெருங்கிய உறவான 1275 சீ.சீ. எஞ்சின், 1966ஆம் ஆண்டின் எம்.ஜி. மிட்ஜெற் வண்டியில் 65 பரிவலு தந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாதலால் வெட்டும் ஒட்டும் மிகாமல் அது மைனரில் அமர்ந்துவிடும். வேறு குடும்பத்து எஞ்சினைக் கொணர்ந்தால், தாங்கிகளைப் புதிதாகச் செய்தல் வேண்டும். சுழல்தண்டின் நீளத்தை மாற்றுதல் வேண்டும். சில வேளைகளில் தரைத் தகட்டையும் குறுக்குச் சட்டத்தையும் வெட்டுதல் வேண்டும். மைனருக்குத் தனியாக முழுச் சட்டம் இல்லை. அதன் உடலே சட்டமுமாகும். ஆதலின், கண்டபடி வெட்டப்பட்ட மைனர் முதுகெலும்பு தளர்ந்த உடலுக்கு ஒப்பாகும். எஞ்சின் பாரமானதாயின் முன்புறம் தாழும். திருப்பங்களில் வண்டி சுக்கானுக்கு இணங்க மறுக்கும். மிகும் வெப்பத்தை ஆற்றப் பழைய றேடியேற்றர் போதாமலும் போகலாம்.

அங்ஙனமாயின் இம்முயற்சியே ஆகாதா? அவ்வாறன்று. முறை தெரிந்து செய்வோர் நல்ல வண்டியையே பெறுகின்றனர். அம்முறை வருமாறு: முதலாவது, பிறேக்கைத் திருத்துக, பழைய உருளிகளை நீக்கி முன்சில்லுகளுக்குத் தட்டுப் பிறேக் பொருத்துதலும், எண்ணெய்த் தொடர்பை இரண்டாகப் பிரித்தலும் சாலச் சிறந்தவை. இரண்டாவது, சுக்கான் இணைப்புகள், வில்கள், ரயர்கள், துருப்பிடித்த தகடுகள் ஆகியவற்றைச் சீர்செய்க. மூன்றாவது, கிளச்சையும் கியர்ப் பெட்டியையும் பின்அச்சையும் புதிய வலுவுக்கு இசைவாக்குக. எஞ்சின் வருவது இவற்றின் பின்னரே. பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, எஞ்சினுக்கே பணம் முழுவதையும் செலவிட்டுவிட்டு, பிறேக்கை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கின்றனர். அந்த ஒரு வருடமே ஆபத்தான காலமாகும்.

மேலும், வண்டியின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் குறிக்கப்பட்டிருக்கின்றது. எஞ்சினை மாற்றியவர் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் அதனை அறிவித்தல் வேண்டும். அறிவியாது விட்டால், விபத்து நேர்ந்தபின் காப்புறுதியை நம்பியிருக்க முடியாது.

கழற்றிய பழைய எஞ்சினை வீசிவிடாது எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துதலும் நன்று. பின்னொரு நாளில் வண்டியை அதன் முதல் நிலைக்கு மீட்க விரும்புவோருக்கு அது கிடைத்தற்கரிய பொருளாகும். விரைவை நாடாது, நகருக்குள் அமைதியாக ஓட விரும்புவோர்க்கோ, பழுது நீக்கிய 948 அல்லது 1098 எஞ்சினே போதியதாகும். வேறு வழியை விரும்புவோர், அடுத்த முறை கராச்சுக்குச் செல்லும்போது, எந்த எஞ்சின் கிடைக்கும் என்று கேட்பதற்கு முன் தம் வண்டி எத்தனை அடியில் நிற்கின்றது என்பதைச் சோதித்தறிவாராக.