மாலை ஐந்து மணி மைதானம்

ஒரு கால்பந்து கிளப் தன் ஊருக்குச் செய்யக்கூடிய பெரிய தொண்டு, பிள்ளைகளைத் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட்டுவதுதான். நிதியுதவி, புத்தகப்பை, ரத்ததான முகாம் எல்லாம் நல்லவையே. அவை ஒருநாளோடு முடிந்துவிடும். மைதானம் மறுநாளும் காத்திருக்கும்.

தொண்டுக்கென்றே பிறந்த கிளப்பும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் பிழைக்கப் போன ஐரிஷ் ஏழைகளின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்ட, வால்ஃப்ரிட் என்ற துறவி 1887இல் தொடங்கியதுதான் இன்று உலகப் புகழ்பெற்ற செல்டிக். கென்யாவின் நைரோபியில், மாத்தாரே குடிசைப் பகுதியில் 1987இல் உருவான இளைஞர் விளையாட்டுச் சங்கம் இன்னொரு வழி கண்டது. தெருக்குப்பையை அள்ளிச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் அணிக்கு லீக் பட்டியலில் புள்ளிகள் சேரும். கோல் போடத் தெரியாத அணியும் மண்வெட்டியால் மேலேறலாம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரத்துக்காரர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் சான்று கடலூர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அங்குள்ள மீனவக் குப்பங்களைச் சூறையாடியது. அதன்பின் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண்பிள்ளைகளைப் பந்தாட அழைத்துவந்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். அவரது இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமியின் பெயரிலேயே விளையாட்டோடு கல்வியும் சேர்ந்திருக்கிறது. 2018இல் அந்த அணி நாட்டின் முதன்மையான பெண்கள் லீக்கில் ஆடியது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றதும் அதே ஆண்டில்தான். இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார்.

கோப்பையைவிட இப்படிக் கிடைக்கும் அரசு வேலைதான் ஊரை மாற்றுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. கல்லூரிகளிலும் தனி இடங்கள் உண்டு. பந்தாடிச் சம்பளம் வாங்கும் பெண்ணை ஒரு தெரு பார்த்துவிட்டால், அடுத்த வீட்டுத் தகப்பனும் மகளை மைதானத்துக்கு அனுப்பத் துணிவார். நல்ல பயிற்சியாளர் பந்தை உருட்டுவதற்கு முன் தலைகளை எண்ணுவார். இரண்டு நாள் வராத பிள்ளையின் வாசலில் போய் நின்று, “பாப்பா ஏங்க்கா வரல?” என்று கேட்பார். காய்ச்சலா, கல்யாணப் பேச்சா, கூலி வேலையா என்பது அங்கே தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் கொடுக்கும் ஒரு கிண்ணம் சுண்டலும் வேகவைத்த முட்டையும் சில வீடுகளில் அன்றைய நல்ல சாப்பாடாகவே அமையும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இந்தத் துணை மிகவும் தேவை. 2024 ஜூனில் கள்ளச்சாராயம் இங்கே 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பந்து சாராயத்தை ஒழித்துவிடாது. தகப்பனை இழந்த பையன் மாலைப்பொழுதைக் கழிக்க ஓர் இடமும், அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பெரியவரும் கிடைப்பதே பெரிய காரியம். கல்வராயன் மலையில் பெற்றோர் கூலி வேலைக்கு வெளியூர் போக, பாட்டி வீட்டிலும் விடுதியிலும் வளரும் பிள்ளைகளுக்கும் அதுவேதான் வேண்டும்.

செலவு பெரிதல்ல. ஒரு பந்து இருபத்திரண்டு பேருக்குப் போதும், வெறுங்காலோடும் தொடங்கலாம். இடத்தில்தான் கவனம் வேண்டும். சங்கராபுரத்தில் மைதானம் போட்டு மலைப் பிள்ளைகளை இறங்கிவரச் சொன்னால், ஊர் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கப் பாதி ஆட்டத்திலேயே ஓட வேண்டியிருக்கும். அவர்களில் பலர் மலையிலுள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். கிளப் அந்தப் பள்ளி வளாகத்துக்கே பந்தைக் கொண்டுபோக வேண்டும். பயிற்சியாளரும் மலையிலேயே தங்க வேண்டும்.