கினிப்பன்றிக்குத் தானியம் போதாது

மதுரையில் கினிப்பன்றி வளர்க்கலாமா, முயலுக்குப் போடும் தீவனமே அதற்கும் போதுமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வளர்க்கலாம், ஆனால் அந்தத் தீவனம் மட்டும் போதாது. முயலுக்கும் எலிக்கும் ஒன்றுவிட்ட உறவு போலத் தெரிகிற இந்தப் பிராணி, ஒரு விஷயத்தில் நம் கட்சி. முயலின் ஈரல் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். சாக்கடை எலிகூட அப்படித்தான். அந்தத் தயாரிப்பின் கடைசிப் படிக்கு வேண்டிய நொதி கினிப்பன்றிக்கு இல்லை. நமக்கும் இல்லை. 1907-இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பல்காரர்களை வாட்டிய பெரிபெரியை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் போட்டுப் பார்த்தார்கள். எதிர்பாராமல் வந்தது, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி. முட்டைக்கோஸும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கொடுத்தவற்றை அந்த நோய் அண்டவில்லை. எலியை வைத்துச் சோதித்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது.

ஆண்டிஸ் மலை மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அடுப்படித் தரையில் விட்டே கினிப்பன்றியை இறைச்சிக்கு வளர்க்கிறார்களே, அங்கே செழிக்கவில்லையா என்று கேட்கலாம். செழித்தது, ஏனென்றால் அங்கே அன்றாடம் விழுந்தது பசும்புல்லும் காய்த்தோலும். நமக்கும் அறுகம்புல்லுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையாருக்கு என்று கட்டி விற்பதே போதும், பூச்சிமருந்து படாததாக இருந்தால். ஆயுள் முழுக்க வளரும் பற்களைத் தேய்ப்பதற்கும் அந்தப் புல்லின் நார்தான் வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள பிராணிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சர்க்கரையும் இருப்பதால் சின்னத் துண்டு போதும், கூடவே கொஞ்சம் கொத்தமல்லி. சத்தான கீரையாயிற்றே என்று முருங்கையைத் தினமும் போட்டால், அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து சிறுநீர்ப்பையில் கல்லாகலாம். தண்ணீரில் வைட்டமின் சொட்டு விட்டால் வேலை முடிந்தது என்பவர்களும் உண்டு. வெளிச்சத்திலும் வெக்கையிலும் அது சீக்கிரமே வீணாகிவிடும். ருசி மாறினால் பிராணி தண்ணீரையே தொடாமல் போகும்.

உணவைவிடக் கடினமான நிபந்தனை நம் ஊர் வெயில். கினிப்பன்றிக்கு ஒத்துவருவது 18 முதல் 24 டிகிரி. 30-ஐத் தாண்டினாலே வெப்பத்தாக்கு வரலாம், வியர்த்துத் தணிந்துகொள்ளவும் தெரியாது. சித்திரையில் 40-ஐத் தொடும் மதுரையில் மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள் கூண்டை வைப்பது கொலைக்குச் சமம். பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்று ஒற்றையாக வாங்கிக் கொடுப்பதும் நல்லதல்ல: கூட்டமாக வாழும் பிராணி என்பதால் சுவிட்சர்லாந்தில் 2008 முதல் தனியாக வளர்ப்பதே சட்டப்படி கூடாது. நோயை மறைப்பது இரையாகும் பிராணிகளின் இயல்பு; அதனால் ஸ்கர்வி வந்தாலும் இது கத்தாமல் இருக்கலாம், நடக்கத் தயங்கும். அதைப் பார்த்து வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். இத்தனை நாள் என்ன தின்றது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.